கதையின் சுவர், மனதின் சுவர்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையில் அரசரின் பள்ளியறைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்காது. 16ஆம் நூற்றாண்டில் தீட்டத் தொடங்கிய ராமாயணம் அங்கே சுவர் முழுக்க ஓடுகிறது. ஒரு காட்சி முடிவதற்குள் அடுத்தது நெருக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஆளும் மரமும் விலங்கும் அணியும் போக, வெற்றிடம் என்று விரல் வைக்க இடமில்லை. மனதில் கதை எப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருமோ, அப்படியே சுவரிலும் வருகிறது.

ஆனால் அந்த ஓட்டத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சுண்ணாம்புப் பூச்சு பக்குவமாகி, நன்றாகக் காய்ந்த பிறகே தூரிகை தொடும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண், பச்சைக்கு அவுரி, கறுப்புக்கு எண்ணெய் விளக்கின் கரி, வெள்ளைக்குச் சுவரின் சுண்ணாம்பே போதும். யாருக்கு எந்த நிறம் என்பதும் ஓவியன் இஷ்டம் அல்ல. சாத்விக குணத்தாருக்குப் பச்சை. ராஜச குணத்தாருக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும். தெய்வத்தின் உருவத்தைத் தியான சுலோகம் முன்பே சொல்லிவிடும். கண் திறப்பது கடைசியில். இத்தனை விதிகளுக்குள்தான் அந்தக் கோடு வளைந்து விளையாடியது.

அரண்மனையைப் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பின்னர் செப்பனிட்டதால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நிலைத்தது. பள்ளியறைச் சுவரைப் பார்க்கும் பாத்தியதை அன்று அரச குடும்பத்தாருக்கும் அவர்களை அண்டியவர்களுக்கும்தான். இன்று நுழைவுச்சீட்டு எடுத்தால் யாரும் பார்க்கலாம்.

வெளியே வந்து கடைத்தெருவில் நடந்தால் வேறு சுவர்கள். மிளகும் இஞ்சியும் அடுக்கியிருந்த பண்டகசாலைகளில் சில இப்போது ஓவியக்கூடங்கள். போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் நிறுவி, 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சி இந்தப் பக்கத்துக்கே புது முகம் கொடுத்தது. பியனாலே வந்த ஆண்டுகளில், முகம் காட்டாத ‘கெஸ் ஹூ’ என்ற தெரு ஓவியர் ஸ்டென்சில் வெட்டுத்தகடு வைத்து ஃபோர்ட் கொச்சிச் சுவர்களில் சாயம் தெளித்துப் போனார். உலகப் புகழ் பெற்ற முகங்கள் கேரள வேஷத்தில் நின்றன. யார் அனுமதியும் இல்லை, தியான சுலோகமும் இல்லை. அன்றைய எண்ணம், அன்றைய சுவர். அடுத்த சில மழைக்காலங்களில் அழிந்தாலும் கவலையில்லை.

மாறியது சாயமும் வேகமும் மட்டுமல்ல. பள்ளியறை ஓவியன் ஊருக்கே தெரிந்த கதையைத் தீட்டினான். பார்ப்பவர் தலைக்குள் கதை ஏற்கெனவே இருந்ததால் சுவரில் விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை. இன்றைய கலைஞர் காட்டுவது தன் ஒருவர் மனதின் அலைச்சலை. அதற்குள் போக வழி வேண்டுமே! அதனால்தான் பியனாலேயில் ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் ஒரு விளக்கப் பலகை தொங்குகிறது. பாதிப் பேர் படத்தைவிடப் பலகையைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

பலகை இல்லாமல் வழிகாட்டுவது எப்படி என்பதற்கு நல்ல விடையைச் சித்திரக்கதைக்காரர்களிடம் காணலாம். 2004இல் ‘காரிடார்’ என்ற படநாவலைத் தந்த சார்நாத் பானர்ஜி, 2014 பியனாலேயில் வாஸ்கோ ட காமாவின் வரலாற்றைக் கையில் எடுத்தார். அவர் முறையில் சொல்லைப் பலகைக்கு ஒதுக்குவதில்லை, படத்துக்குள்ளேயே உட்காரவைக்கிறார். நினைப்பு கிளை தாவினால் சொல்லும் கோடும் சேர்ந்தே தாவுகின்றன. காமாவின் பெயரைப் பள்ளிப்பாடத்தில் படித்தவர்களுக்கு அதுவே நுழைவாயில்.

சுதந்திரம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. கூடவே ஒரு கடமையும் வந்திருக்கிறது. பொதுக்கதை துணைக்கு இருந்த காலத்தில் ஓவியன் அழகாகத் தீட்டினால் போதும். சொந்த நினைப்பை வரைபவர், பார்ப்பவர் உள்ளே வரும் வழியையும் சேர்த்தே வரைய வேண்டும்.