பொய்ப்பற்கள் தளர்வது ஏன்? அவற்றைச் சரிசெய்யும் காலத்தை அறிவது எப்படி?

பற்களை முற்றிலும் இழந்தவர்கள், பொய்ப்பல் தொகுதி ஒன்றைப் பெற்றுவிட்டால் அத்துடன் தங்கள் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. ‘பல் செட்டு’ எனப் பொதுமக்கள் வழங்கும் இப்பொருளை ஒருமுறை வாங்கிக்கொண்டால், உடையும் வரையில் கவலையின்றி உபயோகிக்கலாம் என்பது அவர்களது கருத்து. இக்கருத்துத் தவறானது. பார்வை மாறும்போது மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டியிருப்பதைப் போல, வாய் மாறும்போது பொய்ப்பற்களையும் திருத்தியமைக்க வேண்டியிருக்கிறது. வாய் மாறிக்கொண்டே இருப்பதால், இன்று மிகப் பொருத்தமாக அமைந்துள்ள தொகுதியும் சில ஆண்டுகளில் பொருத்தம் இழப்பது உறுதி. இம்மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால் அணிந்திருப்பவரே அதனை உணர்வதில்லை. ஆகவே, அவரைச் சூழ்ந்திருப்போர் அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருத்தல் அவசியமாகிறது.

வாயில் தட்டு நிலைபெறும் விதம்

இயற்கைப் பல் ஒவ்வொன்றும் தாடை எலும்பிலுள்ள குழியில் வேரூன்றி நிற்பது. பொய்ப்பல்லுக்கு வேர் கிடையாது. பற்கள் விழுந்த பின்னர், தாடையின்மீது வயல் வரப்பைப் போன்று வளைந்த ஒரு மேடு எஞ்சி நிற்கிறது. ஈறு போர்த்திய அம்மேட்டின்மீதுதான் தொகுதியின் அடித்தட்டு அமர்கிறது. தட்டுக்கும் ஈறுக்கும் இடையே உமிழ்நீர் மெல்லிய படலமாகப் பரவி இரண்டையும் இணைக்கிறது. நீர் தடவிய இரு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால், அவற்றை நேராக இழுத்துப் பிரிப்பது கடினம் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். அதே விதிதான் இங்கும் செயற்படுகிறது. படலம் மெல்லியதாக இருக்குமளவும் பிடிப்பு வலுவாக இருக்கும். இடைவெளி அகன்று ஓரத்தின் வழியே காற்றுப் புகுந்தால் பிடிப்பு அற்றுவிடும்.

மேல்தட்டு அண்ணம் முழுவதையும் தழுவி நிற்பதால் சுமார் 23 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது அமர்கிறது. கீழ்த்தட்டுக்குக் கிடைப்பது சுமார் 12 சதுர சென்டிமீட்டரே. அதனுடன் நாக்கும் கன்னத் தசைகளும் ஓயாது அசைந்து அதனைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. கீழ்த்தொகுதி பற்றியே பெரும்பாலோர் முறையிடுவதற்குக் காரணம் இதுவே. நன்கு பொருந்திய தொகுதியைக் கொண்டும், இயற்கைப் பற்களால் கடிக்கும் விசையில் ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே பெற இயலும். பொருத்தம் கெட்டால் அந்தச் சிறு பங்கும் குறையும்.

தாடை தேய்கிறது, தட்டு தேய்வதில்லை

பல்லைத் தாங்குவதற்காக அமைந்த எலும்பு, பல் நீங்கியதும் தன் வேலையை இழக்கிறது. வேலையற்ற எலும்பை உடல் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. இத்தேய்வு பல் பிடுங்கிய முதல் ஆண்டில் மிக வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் வாழ்நாள் முழுவதும் நடைபெறுகிறது. டால்கிரென் அம்மையார் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, 25 ஆண்டுகள் வரை பொய்ப்பல் அணிந்தோரின் தாடைகளை அளந்து ஆராய்ந்தது. மேல்தாடையில் நிகழ்வதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்வு கீழ்த்தாடையில் நிகழ்வதை அது காட்டிற்று.

அடித்தட்டோ அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் பொருளால் ஆனது. செய்தபோதிருந்த வடிவத்தையே கொண்டிருக்கும். ஆதலின் மேடு தாழத் தாழ இடையே வெற்றிடம் உண்டாகிறது. பொருந்தாத தட்டு ஆடும். ஆடும் தட்டு ஈற்றையும் எலும்பையும் மேலும் நசுக்கும். அதனால் தேய்வு இன்னும் விரைவுபடும். மழையில் சிறிது கரைந்த வரப்பை உடனே செப்பனிடாவிட்டால் நீர் அதனை முற்றிலும் அரித்துவிடுவதைப் போன்றது இது.

உடல் மெலிதல், நெடுநாள் நோய் ஆகியவற்றாலும் பொருத்தம் மாறக்கூடும். இரத்த அழுத்தம், மனச்சோர்வு முதலியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்துவிடுவதால், தட்டில் குறை ஏதுமின்றியும் பிடிப்பு நழுவுவதுண்டு. மருத்துவரிடம் செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் தெரிவிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. பேசும்போதோ உண்ணும்போதோ ‘டக், டக்’ என்னும் ஒலி எழுதல். இருமும்போதும் சிரிக்கும்போதும் தொகுதி நழுவுதல்.

2. முன்பு தெளிவாக ஒலித்த ச, த, ந, வ போன்ற எழுத்துகள் குழறுதல். இவ்வொலிகளுக்கு நாக்கும் உதடும் பற்களையோ பற்களை அடுத்த இடத்தையோ சார்ந்திருக்கின்றன. புதிய தொகுதி அணிந்தவருக்குச் சில வாரங்கள் பேச்சுத் தடுமாறுவது இயல்பு. பழகிய தொகுதியில் தடுமாற்றம் தோன்றினால் அது பொருத்தக் குறைவையே குறிக்கும்.

3. தட்டின் அடியில் உணவுத் துணுக்குகள் அடிக்கடி சேர்தல்.

4. ஈற்றில் ஓரிடத்தில் சிவப்பு, வலி அல்லது புண் தோன்றுதல். தட்டின் ஓரத்தை ஒட்டித் தசை மடிப்பு வளர்தல். தளர்ந்த தட்டின் ஓயாத உராய்வால் உண்டாகும் அம்மடிப்பில் பல சமயங்களில் வலியே இராது.

5. வாயின் இரு கோடிகளிலும் வெடிப்புக் காணுதல், அண்ணம் சிவந்திருத்தல். இவை பெரும்பாலும் ஒருவகைப் பூஞ்சையால் நேர்பவை. இரவிலும் தொகுதியைக் கழற்றாதவர்களிடம் மிகுதி.

6. வாயை மூடும்போது மோவாய் மூக்கை நெருங்குதல், உதடுகள் உட்குழிதல்.

7. மேல்தட்டு நடுவில் மீண்டும் மீண்டும் விரிசல் விடுதல். ஒட்டிய தட்டு மறுபடியும் உடையுமானால் பொருத்தத்தை ஆராய வேண்டும்.

இவை யாவற்றினும் முக்கியமான அறிகுறி உணவுத் தட்டில் காணப்படும். முதியவர் காய்கறி, பழம், கடலை, கீரைத்தண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கஞ்சிக்கும் ரொட்டிக்கும் மாறிவிடுவார். விருந்துக்குச் செல்லத் தயங்குவார். காரணம் கேட்டால் பசியில்லை என்பார். சத்துக் குறைவும் மெலிவும் இவ்வாறு ஓசையின்றி வந்து சேர்கின்றன. மெலிவினால் தட்டு மேலும் தளர்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

அணிந்திருப்பவர் கைகளைக் கழுவிக்கொண்டு தாமே இதனைச் செய்து பார்க்கலாம். நாக்கைத் தளர்வாக வைத்து வாயைச் சிறிது திறந்தால் கீழ்த்தட்டு தன் இடத்திலேயே இருக்க வேண்டும், மேலெழும்பினால் குறையுண்டு. வலப்பக்கக் கடைவாய்ப் பல்லையும் இடப்பக்கப் பல்லையும் மாறி மாறி விரலால் அழுத்தும்போது தட்டு தராசுபோல் ஆடலாகாது. மேல்முன்பற்களை உட்புறமிருந்து வெளிநோக்கி மெல்லத் தள்ளும்போது, பின்பகுதி எளிதில் கீழே இறங்கினால் அங்குள்ள பிடிப்புத் தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

செய்யத்தகாதவை

குத்தும் இடத்தைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ தேய்ப்பது மிகத் தவறு. வலியிருக்கும் இடம் ஒன்றும், தட்டில் குறையிருக்கும் இடம் வேறொன்றுமாக இருத்தல் கூடும். அடியில் துணியோ பஞ்சோ வைப்பதும், கடையில் விற்கும் பசையால் உடைந்த தட்டை ஒட்டுவதும் தீங்கு விளைவிக்கும். கொதிநீரிலிட்டால் தட்டு கோணிவிடும். பொய்ப்பல்லுக்கென்றே விற்கப்படும் பிடிப்புப் பசை தற்காலிக உதவியே. நாள்தோறும் அதன் அளவை மிகுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தால், தொகுதியைச் சரிசெய்யும் காலம் வந்துவிட்டது என்பதே பொருள். தகுதி பெறாதோர் வாயிலேயே பிளாஸ்டிக் குழம்பை ஊற்றி, கழற்ற முடியாதவாறு பற்களைப் பொருத்தும் வழக்கம் நம் நாட்டில் சில இடங்களில் உண்டு. அதன் அடியைச் சுத்தம் செய்ய வழியில்லாமையால், எஞ்சியுள்ள நல்ல பற்களும் ஈறும் அழிகின்றன.

மருத்துவர் செய்யும் திருத்தம்

சிறு குத்தலாயின், தட்டின் உட்புறத்தில் ஒரு களிம்பைத் தடவி, அழுத்தம் விழும் இடத்தைக் கண்டு, அவ்விடத்தை மட்டும் சிறிது தேய்த்துவிடுவார். சில நிமிடங்களில் முடியும் வேலை இது. புண்ணைக் காட்டச் செல்பவர், வலி பொறுக்கக்கூடியதாயின் அதற்கு முன் சில மணி நேரம் தொகுதியை அணிந்திருந்தால், அழுந்தும் இடம் தெளிவாகத் தெரியும்.

மேடு தாழ்ந்து தட்டு தளர்ந்திருந்தால், உட்புறத்தில் புதிய அக்ரிலிக் பூச்சு இட்டு இடைவெளியை நிரப்புவார். இதற்கு அச்செடுக்குமுன், நசுங்கிய ஈறு தன் வடிவத்தை மீளப் பெறுவதற்காக, அவர் கூறும் காலம்வரை தொகுதியை அணியாதிருக்க வேண்டும். பற்கள் நல்ல நிலையிலும் அடித்தட்டு கெட்டும் இருந்தால், அடித்தட்டை மட்டும் மாற்றலாம். பற்களே தேய்ந்து கடி குலைந்திருந்தால் புதிய தொகுதி செய்வதே முறை.

புதிய தொகுதி அணிந்த முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று முறை திருத்தம் தேவைப்படுவது சாதாரணம். அதனைச் செய்தவரின் திறமைக்குறைவாகக் கருதிப் பெட்டியில் பூட்டிவைத்தல் ஆகாது. பின்னர், தொல்லை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரவில் தொகுதியைக் கழற்றிக் கழுவி, தண்ணீரில் இட்டு வைத்தால் ஈறு ஓய்வு பெறும். தட்டும் உலர்ந்து கோணாது.

இரண்டு வார விதி

களப்பணியாளர்கள் மறவாது நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. தட்டு உராய்ந்து உண்டான புண், தட்டைக் கழற்றி வைத்தால் ஆறத் தொடங்கி, சுமார் இரண்டு வாரங்களுக்குள் மறைந்துவிடும். அவ்வாறு மறையாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு ஆகியவற்றைத் ‘தட்டு குத்தியது’ என்று சொல்லி விட்டுவிடலாகாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை மெல்லும் வழக்கம் பரவியுள்ள நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் மிகுதி. தொடக்கத்தில் அதற்கு வலி இராது. பல் இல்லாதவருக்குப் பல் மருத்துவரிடம் என்ன வேலை என்ற எண்ணத்தினாலேயே பலர் காலங்கடந்து வருகின்றனர்.

தேசிய வாய்நலத் திட்டம் 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய பரிசோதனையைப் பெறலாம். வீடு வீடாகச் செல்லும் ஊழியர், முதியவரிடம் ‘பல் செட்டு இருக்கிறதா?’ என்று கேட்பதுடன் நின்றுவிடாமல், ‘அதை அணிந்துதான் சாப்பிடுகிறீர்களா? எந்த உணவை விட்டுவிட்டீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் இவற்றை மாணவர்க்குக் கற்பித்தால், வீட்டிலுள்ள பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் அச்செய்தி சென்று சேரும். அலமாரியில் உறங்கும் பொய்ப்பற்களில் பல, சிறிது திருத்தினாலே மீண்டும் பயன்படக்கூடியவை.