நாற்பது கச்சேரியா, நான்கு கச்சேரியா?

காலி வீதியில் விரையும் பஸ்ஸில் இசை கேட்பவனுக்கு நாதத்தின் நுட்பம் பெரிதன்று. இயந்திர இரைச்சலே பாதியை விழுங்கிவிடும். ஆகவே வெள்ளவத்தை மாணவர்கள் தம் கைக்கருவியில் இயன்றமட்டும் பாடல்களை நிரப்பிக்கொள்வதை நான் குறைகூறேன்.

எனினும் இடநெருக்கடிக்கு ஒரு விலை உண்டு. அக்கால 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே கொள்ளும். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடியும் அந்த எல்லைக்குள்ளேதான் அடங்க வேண்டியிருந்தது. 2001இல் ஐபொட் ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பைக்குள் வைத்தது. அதன் கொள்ளளவு 5 ஜிகாபைட். இறுவட்டின் ஒலியை உள்ளவாறே வைத்தால், அதில் இரண்டுமணிக் கச்சேரிகள் நான்குதான் அடங்கும். 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் நாற்பது!

அஃது எங்ஙனம்? வலிய ஒலியின் நிழலில் செவிக்கு எட்டாத மெல்லொலியைக் கணித்து, அதைக் கழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கணக்குத் தவறுவதில்லை. தவறுமிடம் கைத்தாளம். கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழாவில் தவிலோடு நேரே கேட்ட தாளம் கணீரென்று வெட்டும். மிகச் சுருக்கிய பதிவிலோ, அடி விழுமுன்பே ஒரு சலசலப்பு முந்திக்கொள்கிறது.

இன்று 64 ஜிகாபைட் நினைவட்டை விரல்நகத்தளவுதான். ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் அது நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். வீட்டிலுள்ள பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோர் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும். நாடா நைந்தபின், கழித்த ஒலியை எப்பொறியும் மீட்டுத் தராது. பஸ்ஸுக்கு வேண்டுமாயின் அதிலிருந்தே சிறியதொரு எம்பி3 பிரதி எடுத்துக்கொள்ளலாம்.