புனே சிக்னல்கள் கூட்டு சேர்ந்தால் டிராஃபிக் குறையுமா?

10 கி.மீ. தூரத்தைக் கடக்க 33 நிமிடம் 22 விநாடி. டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் குறியீட்டில் புனேவின் சராசரி இது. கொல்கத்தாவும் பெங்களூருவும்தான் இந்தியாவில் இதைவிட மெதுவான நகரங்கள்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், வாகன வரத்தைப் பார்த்து பச்சை விளக்கின் நேரத்தை மாற்றும் சிக்னல்கள் புனேவின் 100க்கும் மேற்பட்ட சந்திப்புகளில் பொருத்தப்பட்டன. ஆய்வாளர்கள் முயன்றுவரும் அடுத்த கட்டம், ஒவ்வொரு சிக்னலையும் தானாகக் கற்றுக்கொள்ளும் ஏஐ ஏஜென்டாக மாற்றுவது.

தனித்தனியாகக் கற்றால் என்ன சிக்கல்?

கணேஷ்கிண்ட் சாலையை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழக சந்திப்பில் உள்ள சிக்னலிடம் 'உன் வரிசையைக் குறை' என்று மட்டும் சொன்னால், அது வண்டிகளை சிவாஜிநகர் பக்கம் தள்ளிவிடும். அதற்கு மதிப்பெண் கிடைக்கும். நெரிசல் அடுத்த சிக்னலுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்து சிக்னலும் கற்றுக்கொண்டே இருப்பதால், நேற்று பலித்த உத்தி இன்று பலிக்காது.

ஒத்துழைக்க எப்படிக் கற்கின்றன?

பயிற்சி நடப்பது கம்ப்யூட்டருக்குள். ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கி, 2001 முதல் இலவசமாகக் கிடைக்கும் 'சுமோ' போன்ற மென்பொருளில் சாலைகளையும் வண்டிகளையும் அப்படியே உருவாக்கலாம். அங்கே ஆயிரம் முறை தப்பு செய்தாலும் யாருக்கும் ஆபீஸ் லேட் ஆகாது.

2017இல் வெளியான 'மேடிடிபிஜி' என்ற முறை இதில் முக்கியமானது. பயிற்சியின்போது எல்லா ஏஜென்ட்களையும் பார்க்கும் மதிப்பீட்டாளர் மென்பொருள் உடனிருக்கும். களத்தில் இறங்கியதும் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிவதை வைத்தே முடிவெடுக்கும். கபடி அணிக்குப் பயிற்சியாளர் மாதிரிதான். ஆட்டத்தில் பிடிப்பதா விடுவதா என்பதை வீரர்தான் அந்த நொடியில் முடிவு செய்யவேண்டும்.

நேரடியாக சாலைக்குக் கொண்டுவரலாமா?

அது அவ்வளவு சுலபம் இல்லை. வண்டிகள் தங்கள் தடத்திலேயே போகும் மாதிரியில் படித்த ஏஜென்ட், கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழையும் புனே டூவீலர்களைக் கண்டால் திணறும்.

இன்னும் பெரிய கேள்வி, மதிப்பெண்ணை யார் எழுதுவது என்பது. வண்டிகளை மட்டும் எண்ணினால், 50 பேர் பயணிக்கும் மாநகரப் பேருந்தும் ஒருவர் ஓட்டும் காரும் சமமாகிவிடும். சாலையைக் கடக்க நிற்கும் பாட்டி கணக்கிலேயே வரமாட்டார். சிக்னல்கள் எவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்தாலும், கணக்கில் இல்லாதவருக்காக அவை காத்திருக்காது. யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதை ஏஐ முடிவு செய்யாது, மாநகராட்சிதான் முடிவு செய்யவேண்டும்.