லீற்றருக்கு எத்தனை ஓடும்?



ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போனவர்கள் வாகனங்கள் நிறுத்தும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். பென்ஸ், பி.எம்.டபிள்யூ, அவுடி என்று வரிசையாக நிற்கும். அவற்றில் பல, யாரோ ஒரு நிறுவனத்தில் மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டு, பாதி விலைக்கு எங்கள் கைக்கு வந்தவை. அங்கே தவறாமல் ஒரு உரையாடல் நடக்கும். "அண்ணை, இது லீற்றருக்கு எத்தனை ஓடும்?" "இருபத்தைஞ்சுக்குக் குறையாது தம்பி." இந்த இருபத்தைந்து எங்கே இருந்து வந்தது என்று கேட்டால், ஒன்றில் விற்றவர் தந்த பத்திரத்திலிருந்து வந்திருக்கும், அல்லது காரின் திரையிலிருந்து வந்திருக்கும். தாங்கியிலிருந்து வந்திருக்காது.

வானொலியில் சென்ற உரையைக் கேட்ட சிலர் கணக்குகளை எழுத்தில் தரும்படி கேட்டார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே தருகிறேன். தம்பி அந்தப் பதிலை நம்பி பதினைந்தாயிரம் யூரோ கடன் எடுக்கலாம். அண்ணை அதே பதிலை நம்பி, பின்சீற்றில் வயதான தாயோடு இரவில் ஸ்ருட்கார்ட்டுக்குப் புறப்படலாம். அதனால் இந்த எண் சரியாக இருப்பது நல்லது.

முதலில் அளவு முறை. ஊரில் முன்பு கலனுக்கு எத்தனை மைல் என்றார்கள், பிறகு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்றார்கள். ஜேர்மனியில் கணக்கு தலைகீழ். 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் குடிக்கிறது என்பார்கள். மாற்றுவது சுலபம், 100 ஐ அந்த எண்ணால் பிரித்தால் போதும். 5 லீற்றர் என்றால் லீற்றருக்கு 20 கிலோமீற்றர். 6.5 என்றால் 15 சொச்சம். 8 என்றால் 12.5. எனக்கு ஜேர்மன் முறைதான் பிடிக்கும், ஏனென்றால் அது பொக்கற்றோடு நேராகப் பேசும். 10 லீற்றர் குடித்த கார் 11 குடித்தாலும், 4 குடித்த கார் 5 குடித்தாலும் செலவு கூடுவது ஒரே ஒரு லீற்றர்தான். எங்கள் முறையில் முதலாவது 10 இலிருந்து 9 ஆகும், இரண்டாவது 25 இலிருந்து 20 ஆகும். கேட்பவருக்கு இரண்டாவது பெரிய இழப்புப்போலத் தோன்றும்.

இந்தக் கணக்கில் எங்கள் சனம் ஒருகாலத்தில் கெட்டிக்காரர். 1990 இற்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்திலில் இருந்து சொட்டுப் பெற்றோல் விடுவார்கள். அந்த நாளில் வாடகைக்கார் ஓடியவரிடம் கேட்டால் ஒரு போத்தலுக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கம்பனிப் பத்திரம் அவருக்கு எதற்கு?

சரி, பத்திரத்துக்கு வருவோம். நல்ல உதாரணம், 2016 இல் வந்த மெர்சிடெஸ் ஈ 220 டி. எங்களவர்கள் விரும்பி வாங்கும் டீசல் செடான் இது. வந்தபோது அதன் உத்தியோகபூர்வ அளவு 100 கிலோமீற்றருக்கு 3.9 லீற்றர். சாதாரணமாக அதற்கு வரும் தாங்கி 50 லீற்றர். மேலதிகப் பணம் கட்டியவர்களுக்கு 66 லீற்றர் தாங்கி கிடைத்தது. 50 ஐ 3.9 ஆல் பிரித்துப் பாருங்கள், 1280 கிலோமீற்றர் வரும். அண்ணை சொன்ன இருபத்தைந்தும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

கம்பனி பொய் சொன்னதா? இல்லை. சட்டம் சொன்னபடி அளந்து, வந்ததை எழுதினார்கள். பிரச்சினை அளந்த முறையில் இருந்தது. என்.ஈ.டி.சி என்ற அந்தப் பழைய சோதனையில் கார் றோட்டுக்கே வராது. ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் 20 நிமிடம், 11 கிலோமீற்றர் ஓடும். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றர் அளவில். 120 ஐத் தொடுவது கடைசியில் சில விநாடிகள் மட்டும். குளிரூட்டி நிறுத்தப்பட்டிருக்கும், அறை வெதுவெதுப்பாக இருக்கும். ஜனவரி மாதம் காலை ஐந்து மணிக்குக் கண்ணாடியில் பனி சுரண்டிவிட்டு வேலைக்குப் போகும் எங்களுக்கும் அந்த அறைக்கும் என்ன சம்பந்தம்?

போக்குவரத்தை ஆராயும் ஐ.சி.சி.ரி என்ற அமைப்பு, சாரதிகள் தாங்களே பதிந்து வைத்த எரிபொருள் குறிப்புகளைப் பெருமளவில் திரட்டி ஒப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதி ஜேர்மனியச் சாரதிகளுடையவை. 2001 இல் பத்திரத்துக்கும் றோட்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 9 வீதம். 2015 இல் அது 42 வீதம். நிறுவனக் கார்களில் வித்தியாசம் இன்னும் கூட. எண்ணெய்க்கு முதலாளி காசு கட்டும்போது கால் பாரமாவது இயல்புதானே. இதை 2015 செப்ரெம்பரில் வெடித்த வொல்க்ஸ்வாகன் விவகாரத்தோடு சிலர் குழப்புகிறார்கள். அது நைதரசன் ஒட்சைட்டுப் புகையை மறைத்த மென்பொருள் பற்றியது, இது வேறு விடயம்.

2017 செப்ரெம்பரில் புதிய மாதிரிகளுக்கும், 2018 செப்ரெம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் டபிள்யூ.எல்.ரி.பி என்ற சோதனை வந்தது. 30 நிமிடம், 23 கிலோமீற்றர், 131 வரை வேகம். காருக்குப் பூட்டிய மேலதிக வசதிகளின் பாரமும் இதில் சேரும். எனவே பழைய கார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2017 கார் ஒன்றின் விளம்பரத்தில் சிறிய எண்ணும், 2019 காரில் பெரிய எண்ணும் இருந்தால் பிந்தியது கூடக் குடிக்கிறது என்று அர்த்தமில்லை. அளவுகோல் மாறிவிட்டது. ஆனால் வரி உண்மையாகவே மாறும். 2018 செப்ரெம்பர் 1 முதல் முதற்பதிவு செய்த கார்களுக்கு வாகனவரி புதிய சோதனையின் கரியமிலவாயு அளவை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. ஒரே மாதிரிக் கார், ஒரு மாத வித்தியாசத்தில் பதிந்ததால் வருடாவருடம் கூட வரி கட்டும் நிலை வரலாம்.

புதிய சோதனையும் றோட்டு அல்ல. 2021 முதல் ஐரோப்பாவில் பதியப்படும் புதிய பெற்றோல், டீசல் கார்களுக்குள்ளே உண்மையில் எரிந்த எண்ணெயைக் கணக்கு வைக்கும் கருவி இருக்கவேண்டும். அந்தத் தரவுகளை வைத்து ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2021 இல் பதிந்த கார்களில் டீசல் சராசரியாக 18 வீதமும், பெற்றோல் ஏறக்குறைய 24 வீதமும் பத்திரத்தை விடக் கூடக் குடித்திருந்தன. மின்கம்பி செருகும் கலப்பினக் கார்களோ மூன்றரை மடங்கு! இளம்பிள்ளைகள் நிறுவனத்திலிருந்து வரும் இந்த வகை செடான்களை ஆசையோடு பார்க்கிறார்கள். வீட்டில் மின்னேற்ற வசதி இருந்தால் நல்ல கார்தான். மாடிவீட்டில் மூன்றாம் தளத்தில் இருந்துகொண்டு வாங்கினால் பாரமான மின்கலத்தையும் சுமந்துகொண்டு பெற்றோலில்தான் ஓடுவீர்கள். விற்பவர் மின்கம்பியைப் பொலித்தீன் உறையோடு எடுத்துத் தந்தால் அந்தக் கார் இதுவரை எப்படி ஓடியது என்று விளங்கிக்கொள்ளலாம்.

இனி நாங்களே அளப்பது. தாங்கியை நிரப்பும்போது குழாய் முதல்முறை 'டக்' என்று நிற்கும், அதோடு நிறுத்துங்கள். நாள் கிலோமீற்றர் எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓடுங்கள். அடுத்தமுறையும் அதேபோல் முதல் 'டக்' வரை நிரப்பி, பற்றுச்சீட்டில் உள்ள லீற்றரையும் ஓடிய தூரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். லீற்றரை 100 ஆல் பெருக்கித் தூரத்தால் பிரித்தால் கணக்கு முடிந்தது. பெற்றோல் நிலையத்துக் குழாயை நம்பலாம். அளவைத் திணைக்களச் சட்டப்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அது சோதிக்கப்பட வேண்டும், அந்தச் சோதனையில் அரை வீதத்துக்கு மேல் பிழை இருக்கக்கூடாது. ஒட்டியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்.

ஒரு நிரப்பலை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். ஒரு நாள் 'டக்' முந்தும், ஒரு நாள் பிந்தும். 40 லீற்றரில் ஒரு லீற்றர் தவறினாலே இரண்டரை வீதம் போய்விடும். பத்து நிரப்பலைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிழை கரைந்துவிடும். என் கொப்பியில் அடுத்தடுத்து வந்த மூன்று வரிகள்: 672 கிலோமீற்றருக்கு 41.3 லீற்றர், 560 இற்கு 38.6, 742 இற்கு 43.1. தனித்தனியே பார்த்தால் 6.1, 6.9, 5.8. மொத்தமாக 1974 கிலோமீற்றருக்கு 123 லீற்றர், அதாவது 6.2. நடுவில் உள்ளது பெப்ரவரி மாத நகர ஓட்டம், கடைசி நீண்ட பயணம். என்னுடையதும் நடுத்தர வயது டீசல் செடான்தான், எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமில்லை. வருடம் முழுவதற்கும் அதன் திரை 5.9 காட்டியது. திரை தாங்கியை அளப்பதில்லை. இயந்திரத்துக்குள் தெளித்த அளவைக் கணிக்கிறது, அதனால் எந்தக் காரிலும் சில வீதம் விலகலாம். உங்கள் கார் எத்தனை வீதம் விலகுகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு திரையையே பார்த்துக் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம்.

காசாகப் பார்த்தால், வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 3.9 என்றால் 585 லீற்றர், 6.2 என்றால் 930 லீற்றர். வித்தியாசம் 345 லீற்றர். லீற்றர் ஒரு யூரோ 60 சதம் என்று வைத்தால் 552 யூரோ. கார்க் கடனின் மாதக்கட்டணம் ஒன்றிரண்டு அதற்குள் அடங்கிவிடும்.

எங்கே கூடுகிறது? அவுட்டோபானில் வேகம்தான் முதற் காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 130 இலிருந்து 160 இற்குப் போனால் வேகம் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அதிகரிக்கிறது, காற்றோ ஒன்றரை மடங்கு எதிர்க்கிறது. இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். கேர்ண் நகரத்திலிருந்து பேர்லினுக்கு ஓடும்போது குடிப்பதைவிட, அதே கார் பெல்ஜியம் வழியாகப் பாரிஸுக்கு ஓடும்போது குறைவாகக் குடிக்கலாம். அங்கே 120, பிரான்சில் 130, அதற்கு மேல் சட்டம் விடாது. நகரத்தில் வில்லன் குளிரும் குறுந்தூரமும். பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவர இரண்டு கிலோமீற்றர் ஓடினால் இயந்திரம் சூடாகமுன் வீடு வந்துவிடும். ரயரில் காற்றுக் குறைவு, கூரையில் கழற்றாமல் விட்ட பெட்டி, டிக்கியில் மாதக்கணக்காகக் கிடக்கும் அரிசி மூட்டை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும். பெற்றோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2011 இல் வந்த ஈ10 இல் எதனோல் கூட இருப்பதால் ஒன்றரை வீதமளவில் கூடக் குடிக்கும். விலை அதைவிட மலிவாக இருந்தால் லாபம்.

இப்போது, மிச்ச எண்ணெய்க்கு எத்தனை கிலோமீற்றர் என்று திரை காட்டுகிறதே, அந்த எண். அது கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துத்தான் ஊகிக்கிறது. வெளிநாட்டில் 120 இல் வந்துவிட்டு ஜேர்மன் எல்லையைத் தாண்டி 170 இல் மிதித்தால் அது வேகமாகக் கரையும். பின்சில்லு இழுக்கும் பெரிய செடான்களில் தாங்கி குதிரைச் சேணம் போல நடுத்தண்டின் இரண்டு பக்கமும் தொங்கும் வடிவம். ஒரு பக்கத்து எண்ணெயை மற்றப் பக்கத்துக்கு உறிஞ்சி எடுக்கவேண்டும், மிதவைகளும் இரண்டு. மேட்டிலும் வளைவிலும் அளவு ஊசி தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். கடைசி 8 லீற்றரை இல்லாததாகவே நினைப்பது என் வழக்கம்.

ஜேர்மனியில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அவுட்டோபானிலும் அதன் ஓரத் தடத்திலும் நிறுத்துவது தடை. கார் பழுதானால் மன்னிப்பு உண்டு. எண்ணெய் முடிந்தது என்றால் அது தவிர்த்திருக்கக்கூடியது என்றுதான் பார்ப்பார்கள், தண்டம் வரும். தண்டத்தை விடுங்கள், இருட்டில் லொறிகள் உரசிப்போகும் ஓரத்தில் குழந்தைகளோடு நிற்பது நினைக்கவே பயம். புதிய டீசல் இயந்திரங்களின் உயரழுத்தப் பம்பிக்கு டீசலே மசகு. வறண்டு ஓடினால் பம்பி கெடலாம், அந்தச் செலவுக்கு எத்தனையோ தாங்கி நிரப்பலாம். இன்னொரு தாங்கியையும் மறக்கவேண்டாம். அட்புளூ முடிந்தால், நிறுத்திய காரைத் திரும்பக் கிளப்பவே முடியாது. இத்தனை கிலோமீற்றருக்குள் ஊற்று என்று அது முன்கூட்டியே எச்சரிக்கும். நீண்ட பயணத்துக்கு முதல்நாளே ஊற்றிவிடுங்கள்.

புதுக்கார் வாங்கிய ஒரு நேயர், கூடக் குடிக்கிறது, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். 2007 மே 8 இல் ஜேர்மன் சமஷ்டி நீதிமன்றம் சொன்னபடி, சொன்ன அளவை விட 10 வீதத்துக்குக் குறைவாகக் கூடினால் அது ஒப்பந்தத்தை முறிக்கும் அளவுக்குப் பெரிய குறை அல்ல. அதற்கு மேலே என்றாலும், நிபுணர் அளப்பது அந்தச் சோதனைமுறைப்படிதான், உங்கள் அவுட்டோபான் ஓட்டப்படி அல்ல. கொப்பியை மட்டும் நம்பி வழக்குக்குப் போகவேண்டாம். பழைய காருக்கு விலை பேசும்போது அந்தக் கொப்பி போதும். ஈ 220 டி பார்க்கிறீர்கள் என்றால் 50 லீற்றர் தாங்கியா 66 லீற்றரா என்றும் கேளுங்கள், வெளியில் பார்த்தால் தெரியாது.

கேர்ணிலிருந்து பாரிஸ் ஏறக்குறைய 500 கிலோமீற்றர். 50 லீற்றரில் 8 ஐக் கழித்தால் 42. 6.2 ஆல் கணக்கிட்டால் 675 கிலோமீற்றர் வரும். லாச்சப்பல் கடைகளுக்குப் போகும் பயணம் ஒருமுறை நிரப்பியதில் முடியும், திரும்பி வருவது முடியாது. 66 லீற்றர் தாங்கி என்றால் 935, அதுவும் போய்வரக் காணாது. ஆகவே திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏறமுன், பாரிஸுக்கு வெளியே உள்ள பெரிய சுப்பர்மார்க்கெற் ஒன்றின் பெற்றோல் நிலையத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை நிலையங்களை விட அங்கே மலிவு. பற்றுச்சீட்டைக் கொப்பிக்குள் வைக்க மறக்கவேண்டாம்.