சக்கரத்தின் அளவும் சுமை வண்டியில் ஏறும் உயரமும்

நூற் சிப்பங்களையும், நெய்த துணிகளையும், தோட்டத்தில் விளைந்த காய்கறி மூட்டைகளையும் ஏற்றிச் செல்ல நம் சங்கங்கள் பலவற்றிற்கு இன்று துணையாயிருப்பது ‘பிக்கப்’ எனப்படும் சிறு சுமை வண்டியே. அதன் டயர்கள் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்போது, “பெரிய சக்கரமாகப் பூட்டினால் வண்டி கம்பீரமாக நிற்குமே” என்று யோசனை கூறுவோர் உண்டு. அந்தக் கம்பீரத்திற்கு விலை கொடுப்பவர் யார்? ஓட்டுநர் நாளொன்றுக்குச் சில முறையே ஏறி இறங்குவார். சுமை ஏற்றும் தொழிலாளியோ ஒவ்வொரு சிப்பத்தையும் அந்த உயரத்திற்குத் தூக்கியாக வேண்டும். ஆதலின் இவ்விஷயத்தை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

கட்டை வண்டியை நினைவிற் கொள்வோம். அதன் அச்சு, சக்கரத்தின் நடுவில் அமைந்தது. சக்கரத்தின் விட்டம் 2 அங்குலம் கூடினால், அதில் ஓர் அங்குலம் அச்சிற்கு மேலே போய்விடும். அச்சிற்குக் கீழே நிற்கும் மற்றோர் அங்குலமே வண்டியை உயர்த்தும். பிக்கப் வண்டிக்கும் விதி இதுவே. விட்டத்தில் கூடுவதில் பாதியே ஏறும் உயரத்தில் சேரும்.

இனி, டயரின் மீது எழுதியுள்ள எண்களைப் படிக்கும் முறையைக் காண்போம். 215/75 ஆர் 15 என்றிருப்பின், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. உள்ளே பொருந்தும் ரிம்மின் விட்டம் 15 அங்குலம். மேலும் கீழுமாகப் பக்கச் சுவர் இரு முறை வருவதால், மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர் ஆகிறது. இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 பூட்டினால் விட்டம் சுமார் 733 ஆகும். வேற்றுமை 30 மில்லிமீட்டர்; வண்டி உயர்வதோ 15 மட்டுமே.

ரிம் பெரிதானால் வண்டியும் உயரும் என்று எண்ணுவது தவறு. 16 அங்குல ரிம்மில் 215/65 டயரைப் பூட்டினால் மொத்த விட்டம் சுமார் 686 மில்லிமீட்டரே. ரிம் பெரிதாகியும் வண்டி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தாழ்கிறது! ஆகவே ரிம்மை மட்டும் பார்த்து முடிவு செய்தலாகாது; மொத்த விட்டத்தையே கணக்கிட வேண்டும்.

15 மில்லிமீட்டர் அற்பமன்றோ எனலாம். ஒரு முறை ஏறுபவருக்கு அற்பமே. நாள் முழுதும் தூக்குபவருக்கு அவ்வாறன்று. அன்றியும், வெறும் வண்டியில் ஸ்பிரிங் பட்டைகள் தாழாமல் நிற்பதால், முதற் சுமையை ஏற்றும் நேரத்திலேயே தளம் மிக உயரமாக இருக்கும்.

பெரிய டயரால் வேறு தொல்லைகளும் உண்டு. மேற்சொன்ன மாற்றத்தில், வேகமானி 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 62க்கு மேல் ஓடும். மேட்டில் ஏறுகையில் என்ஜினின் இழுவை குறையும். பிரேக்கிற்கும் வேலை கூடும். திரும்பும்போது டயர் மட்கார்டில் உராயவும் கூடும். உயரத்தைக் குறைக்க விரும்பிச் சுமை தாங்கும் திறன் குறைந்த சிறு டயரைப் பூட்டுவதோ, காற்றைக் குறைத்து ஓட்டுவதோ பேராபத்து. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுத்துள்ளது என்பதும் கவனிக்கற்பாலது. எனவே உற்பத்தியாளர் அனுமதித்த அளவினின்று விலகாதிருப்பதே முறை.

அப்படியாயின் உயரத்திற்குப் பரிகாரம் யாது? உறுதியான படி ஒன்றே. தளம் தரையிலிருந்து 30 அங்குலத்தில் இருப்பதாகக் கொள்வோம். 15 அங்குல உயரத்தில், அசையாததும் வழுக்காததுமான ஒரு படி வைத்தால், கால் எடுத்து வைக்க வேண்டிய உயரம் பாதியாகக் குறைகிறது. எந்தச் சக்கரமும் தர முடியாத நன்மை இது.

புது வண்டி வாங்கும் சங்கங்கள் விலையை விசாரிப்பதோடு நின்றுவிடலாகாது. வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தித் தளத்தின் உயரத்தை அளக்க வேண்டும். சுமை ஏற்றும் தொழிலாளரையே, அவருள் வயது முதிர்ந்தவரையும் பெண்டிரையும், அழைத்து ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்கள் கூறுவதைக் கேட்ட பின்னரே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுதல் நன்று. வண்டி சங்கத்தின் சொத்து; அதில் சுமை ஏற்றுவோரின் முதுகும் முழங்காலும் அதனினும் பெரிய சொத்தல்லவா?