பள்ளிப் பையில் வரும் கடிதம்

கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்தும் ஆரம்பப் பள்ளிகளை வட இந்திய நகரங்களில் பொதுமக்கள் 'கான்வென்ட்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். உண்மையில் அச்சொல் சகோதரிகள் வாழும் மடத்தைக் குறிப்பதாகும். மடத்தின் மதிலுக்குள்ளேயே பள்ளியும் இருந்தமையால் அப்பெயர் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் லொரேட்டோ சகோதரிகளும், ஆக்ராவில் இயேசு மரி சபைச் சகோதரிகளும் 1842-ஆம் ஆண்டில் பணி தொடங்கினர். அந்தக் காலத்துப் பள்ளிகளுக்கும் இன்றைய பள்ளிகளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இன்று நகரங்களில் இப்பள்ளிகளில் பயிலும் குழந்தைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லாதார். பலருடைய வீட்டு மொழி ஆங்கிலமும் அன்று, இந்தியும் அன்று.

பள்ளியின் ஒரு நாள் எப்படிச் செல்கிறது என்பதை அக்கம்பக்கத்தில் குடியிருப்போர் மணியோசையைக் கொண்டே சொல்லிவிடுவர். முதல் மணிக்குக் குழந்தைகள் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். சிறு பிரார்த்தனை, அன்றைய சிந்தனை, பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைக்கு வாழ்த்து, இறுதியில் தேசிய கீதம். பிறகு வகுப்பு. இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன் கைகூப்பி ஒரு நன்றி மொழி. பிறகு பரோட்டாவும் இட்லியும் ஒரே பெஞ்சில் கைமாறும். சில பள்ளிகளில் நண்பகலில் திரிகால ஜெப மணி ஒலிக்கும். அப்போது நடப்பவரும் ஒரு கணம் நின்றுவிடுவார். வாரத்தில் சில பாடவேளைகளில் கத்தோலிக்கக் குழந்தைகள் ஞானோபதேச வகுப்புக்குச் செல்ல, மற்றவர் நன்னெறி வகுப்பில் அமர்வர். ஆகஸ்ட் 15 இங்கு இரட்டைத் திருநாள். தேசக் கொடி ஏறும் அதே நாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாளுமாகும். செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தினம். 1997-ல் அன்னை தெரசா மறைந்ததும் அத்தேதியிலேயே.

இவ்வளவும் குழந்தையின் பையில் உள்ள டைரியில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த டைரியைப் பற்றியே இங்குச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

ஆண்டுத் தொடக்கத்தில் வழங்கப்படும் இச்சிறு புத்தகம் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஓடும் அஞ்சற்காரன். விடுமுறை அட்டவணை, கட்டண விவரம், சீருடை விதி ஆகியவை முன்பக்கங்களில் இருக்கும். விடுப்பு எடுத்த நாளுக்கு ஒரு பக்கம், தாமதமாக வந்த நாளுக்கு ஒரு பக்கம், ஆசிரியையின் குறிப்புக்குச் சில பக்கங்கள். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் பெற்றோர் கையெழுத்திட ஒரு கட்டம் உண்டு. கட்டம் நிரம்பியிருந்தால் செய்தி சேர்ந்துவிட்டது என்பது பள்ளியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எப்போதும் மெய்யாவதில்லை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் நேரில் கண்டோம்.

தில்லியில் நம் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. கணவருக்கு ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை. விடியுமுன் புறப்பட்டு இரவு திரும்புவார். மனைவி ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு நாள், மறுநாள் ஆசிரியைகளுக்குப் பயிற்சி நடைபெறுவதால் பள்ளி பத்தரை மணிக்கே முடியும் என்று ஆங்கிலச் சுற்றறிக்கை ஒன்று டைரியில் ஒட்டி அனுப்பப்பட்டது. தாயார் வழக்கம்போல் ஒன்றரை மணிக்குச் சென்றார். குழந்தை மூன்று மணி நேரம் காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஒரு சகோதரி வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்து அருகில் இருந்தார் என்பதால் ஆபத்து ஏதுமில்லை. ஆனால் அந்த அம்மையார் அன்று மாலை நம் வீட்டு வாசலில் நின்று, "கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன், அண்ணா. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று அழுதார்.

மறுநாள் அவருடன் நாமும் பள்ளிக்குச் சென்றோம். தலைமைச் சகோதரி டைரியைத் திறந்து காட்டினார். சுற்றறிக்கையும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அவர் கூறியதில் தவறில்லை. இவர் கூறியதிலும் தவறில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால், அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டோம். எளிய வேலை என்றே நினைத்தோம்.

முதல் வரியிலேயே தடுக்கியது. அதில் குழந்தை என்ற சொல்லே இல்லை; 'வார்டு' என்று இருந்தது. இந்திய ஆங்கிலத்தில் பள்ளிகள் மாணவரை அப்படிக் குறிப்பிடுவது நெடுநாள் வழக்கம். காப்பாளரின் பொறுப்பில் உள்ளவர் என்பது பொருள். அந்த அம்மையாருக்கோ ஆஸ்பத்திரியில் உள்ள வார்டு ஒன்றுதான் தெரியும். முன்பொரு முறை மகள் அச்சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்ததைக் கேட்டு, பள்ளியில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டாராம். அடுத்த வரி மூன்று மரியாதைச் சொற்களுக்குப் பிறகே விஷயத்துக்கு வந்தது. நேரம் நான்காவது வரியில் இருந்தது. இப்படிப்பட்ட ஆங்கிலத்தை எத்தனை செம்மையாகத் தமிழாக்கினாலும் வாசிப்பவருக்குப் பயன் சிறிதே என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. ஆகவே மொழிபெயர்ப்பைக் கைவிட்டு மூன்று வரி எழுதினோம்: எந்த நாள், எத்தனை மணி, யார் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். அதைக் கண்ட தலைமைச் சகோதரி, ஆங்கிலத்தையும் அவ்வாறே சுருக்கி, மறுபக்கத்தில் இந்தியிலும் அச்சிட்டு, மேலே ஒரு கடிகார முகம் வரைந்து அனுப்பத் தொடங்கினார். கடிகாரத்தின் முட்களைப் படிக்க எந்த மொழியும் வேண்டியதில்லை அல்லவா?

படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் குழந்தையே மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறது. அம்மொழிபெயர்ப்பாளருக்கோ சொந்த நலன் உண்டு! வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததை, நன்றாகப் பேசுகிறேன் என்று மிஸ் எழுதியிருக்கிறார் என இதே சிறுமி வாசித்துக் காட்டியதும், தாயார் மகிழ்ந்து பக்கத்து வீடுகளுக்குச் சொன்னதும் பின்னர் தெரிய வந்தது. எட்டு வயதுக் குழந்தையின் மீது இத்தகைய பொறுப்பைச் சுமத்துவது நியாயமன்று. தன்னைப் பற்றிய புகாரைத் தானே வாசிக்க நேரும் குழந்தை, வெகு விரைவில் பெற்றோரின் அறியாமையைப் பயன்படுத்தவோ அதற்காக வெட்கப்படவோ கற்றுக்கொள்ளும். இரண்டில் எது அதிகக் கேடு என்று நம்மால் கூற இயலவில்லை.

கையெழுத்துக்குச் சில இடங்களில் சட்டப் பொருளும் உண்டு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் எவரையும் சமய போதனையில் பங்குகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும், மாணவர் வயது வராதவராயின் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்றும் நம் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு கூறுகிறது. சம்மதம் என்பது விஷயத்தை அறிந்து தருவது. வாசிக்க முடியாத தாளின் அடியில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது? பிற சமயக் குழந்தைகள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கலாகாது என இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-ல் தன் பள்ளிகளுக்கு அளித்த வழிகாட்டுதலில் கூறியுள்ளது. பெற்றோரே குழந்தைக்கு முதல் ஆசிரியர் என்பது 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி குறித்து வெளியிட்ட அறிக்கையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. முதல் ஆசிரியருக்கு விளங்காத மொழியில் எழுதிக்கொண்டிருந்தால் அக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடும்.

கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க வீடே இல்லாத குழந்தைகளும் உண்டு. கல்கத்தாவின் சியால்டா லொரேட்டோ பள்ளிக்கு 1979-ல் தலைமையேற்ற சகோதரி சிரில் மூனி, 1985-ல் நடைபாதைக் குழந்தைகளுக்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் வந்த நேரத்தில் வரலாம். பள்ளியின் மாணவியர் ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து கற்பிப்பர். 2023-ல் அவர் காலமானார். டைரிக் கட்டத்தில் கையெழுத்து என்ற பேச்சுக்கே அங்கு இடமேது?

2020 மார்ச் மாதத்தில் நோய்த் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது டைரியின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. இன்று வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பது சகஜம். இதில் நன்மையும் உண்டு. எழுத்தறியாத தாய்க்கு ஆசிரியை குரலில் பேசி அனுப்பலாம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசியானால் அது தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. காலை வணக்கப் படங்கள் நூற்றுக்கு நடுவே தேர்வுத் தேதியைத் தேடி எடுப்பதும் எளிதன்று. சனிக்கிழமைகளில் நடைபெறும் பெற்றோர் கூட்டத்துக்கு இவை ஈடாகா. அக்கூட்டமும் பெரும்பாலும் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது என்பது நம் குறை. வீட்டில் குழந்தைக்கு யார் கதை சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டால், வாய் திறவாத தாயும் பேசுவார்.

மேற்சொன்ன அம்மையார் பிற்பாடு ஒரு துணிச்சலான காரியம் செய்தார். மகளுக்குக் காய்ச்சல் கண்ட மறுநாள், டைரியின் விடுப்புப் பக்கத்தில் தாமே தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பினார். நேற்றுக் காய்ச்சல், கஞ்சி கொடுத்தேன், இன்று குறைந்துவிட்டது, வெயிலில் விளையாட விட வேண்டாம் என்பது செய்தி. வகுப்பாசிரியைக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. மடத்தில் சமையற்கட்டைக் கவனிக்கும் சகோதரி திருநெல்வேலிப் பக்கத்தவர். அவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார். அன்று விளையாட்டு வேளையில் சிறுமி நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். மாலையில் டைரி திரும்பி வந்தபோது, நான்கு வரிகளுக்கும் கீழே, ஆசிரியை கையெழுத்திடும் கட்டத்தில், கோணல்மாணலான தமிழ் எழுத்தில் 'சரி' என்று எழுதியிருந்தது.