கரம்பொன் அடிகளாரின் கருமத்திறன்

எங்கள் தீவகத்தில் ஒரு சங்கம் தோன்றினால், முதற் பிணக்கு தலைவர் நாற்காலியைப் பற்றியதே. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் வேறு வழி கண்டவர். உரோமாபுரியிற் குருத்துவக் கல்வி முடித்த அவர், முப்பது வயது கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் பயில மாணவராய்ச் சேர்ந்தார். இளைஞரோடு வாங்கில் அமர்வது எல்லார்க்கும் இயல்வதோ?

1964இல் புதுதில்லியிற் கீழைத்தேயவியல் மாநாடு கூடியது. பல நாட்டு அறிஞரும் அதன்பொருட்டு அங்கு வந்திருந்தனர். அத்தருணத்தைப் பயன்படுத்தி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவ அடிகளார் முன்னின்றார். தலைமை பிரெஞ்சு அறிஞர் பிலியோசாவைச் சார்ந்தது. அடிகளாரோ செக் அறிஞர் கமில் சுவெலபிலுடன் செயலாளர் பணியை ஏற்றார். கடிதமெழுதுவதும் கட்டுரை திரட்டுவதும் செயலாளர் தலையிலன்றோ விழும்! 1966 ஏப்பிரலிலே கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. நான்காவது மாநாடு, 1974 சனவரியில், யாழ்ப்பாணத்துக்கே வந்தது.